காணி எடுத்தாலும் பிடித்தாலும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசிகசாலையில் காணி சம்பந்தமான கடிதங்கள் எழுதிக் கொடுக்கிறேன். சட்டத்தரணி இல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியர். கண்டாவளை, ஒட்டுசுட்டான், மாந்தை என்று பல பக்கத்திலிருந்தும் சனம் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வந்தவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே வைத்து, தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். வழக்கு என்று போகிறவர்கள் கட்டாயம் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

என்ர சொந்தக் காணியை எடுக்க அரசாங்கத்துக்கு உரிமை இருக்கோ?

இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. றோட்டு, குளம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பொதுத் தேவை ஒன்று இருந்தால் தனியார் காணியை அரசு எடுக்கலாம், சொந்தக்காரர் சம்மதிக்காவிட்டாலும் எடுக்கலாம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை என்று ஒரு உரிமை கிடையாது. ஆகவே எங்களுக்குள்ள பாதுகாப்பு முழுவதும் அந்தச் சட்டம் சொல்லும் நடைமுறைக்குள்தான் இருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்ல வேண்டும், சொந்தக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டும், பெறுமதியைக் கொடுக்க வேண்டும். அதனால்தான் வருகிற எல்லாரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உங்களுக்கு ஏதாவது கடுதாசி தந்தவையோ?"

ஆமி 2009இலிருந்து இருக்குது. அப்ப அது அரச காணியாகிட்டுதுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடிவதே பலருக்கு அதிசயமாக இருக்கிறது. முள்ளுக்கம்பி அடித்தாலோ, காவலரண் கட்டினாலோ, "இராணுவப் பிரதேசம், உட்செல்லத் தடை" என்று பலகை நட்டாலோ உரித்து மாறாது. தனியார் காணியின் உரித்து நொத்தாரிசு எழுதிய உறுதியாலோ, நீதிமன்றத் தீர்ப்பாலோ, வாரிசு வழியாலோ, அல்லது காணி எடுத்தற் சட்டத்தின் 38ஆம் பிரிவுக் கட்டளை வர்த்தமானியில் வந்த பிறகோதான் கைமாறும். அந்தக் கட்டளை வராத காணி, யார் குடியிருந்தாலும், உங்கள் காணிதான்.

வன்னியில் நடந்ததில் பெரும்பகுதி சுவீகரிப்பே (சட்டப்படி எடுத்தல்) இல்லை, பிடித்து வைத்திருத்தல். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கப் பழகிவிட்டோம், அது எங்களுக்கே பாதகமாக முடிகிறது. கேப்பாப்பிலவுச் சனத்தைப் பாருங்கள். 2012 செப்ரெம்பரில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை மூடும்போது கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். ஊருக்குப் போகிறோம் என்று பஸ் ஏறியவர்களைச் சீனியாமோட்டையில் இறக்கிவிட்டார்கள். பிறகு "மாதிரிக் கிராமம்" என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய வீடும் கிணறும் தென்னையும் படைத் தலைமையகத்தின் வேலிக்கு உள்ளே. சுவீகரித்தால் காரணம் சொல்ல வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும். பிடித்து வைத்திருந்தால் இவற்றில் ஒன்றும் தேவைப்படுவதில்லை. சொந்தக்காரருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்பேன்.

மரத்தில ஒரு நோட்டிஸ் ஒட்டிக் கிடக்குது. என்ன செய்யிறது?

முதலில் போனில் படம் எடுங்கள், திகதி தெரியிற மாதிரி. மழை வந்தால் நோட்டிஸ் கரைந்துவிடும், நாட்கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு அது எந்தப் பிரிவின் கீழ் வந்தது என்று பாருங்கள். 2ஆம் பிரிவு அறிவித்தல் என்றால், "இந்தப் பகுதியில் ஒரு காணி பொதுத் தேவைக்கு வேண்டும், பார்க்கப் போகிறோம்" என்று அர்த்தம். உத்தியோகத்தர்கள் உள்ளே வந்து அளக்கலாம், மண் பார்க்கலாம். காணி இன்னும் உங்களுடையது. இந்த அறிவித்தல் தமிழிலும் இருந்தாக வேண்டும். என்ன பொதுத் தேவை என்று அதிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் மானெல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே "பொதுத் தேவைக்கு" என்று எழுதி ஒட்டியிருந்தால், உங்கள் கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

4ஆம் பிரிவு அறிவித்தல்தான் ஆட்சேபம் சொல்லும் வாசல். குறைந்தது 14 நாள் தவணை தர வேண்டும். ஆட்சேபத்தை எழுத்தில், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதேச செயலகத்தில் கையால் கொடுப்பதென்றால் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள். 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்துவிட்டால், காணி பொதுத் தேவைக்கு வேண்டியது என்பதற்கு அந்தப் பிரகடனமே முடிவான சான்று என்கிறது சட்டம். அதற்குப் பிறகு வாதாடுவது மிகக் கடினம். 7ஆம் பிரிவு அறிவித்தல் நட்டஈடு கேட்பதற்கானது. விசாரணை குறைந்தது 21 நாள் கழித்து வைக்கப்படும், உங்கள் கோரிக்கையை அதற்கு ஒரு கிழமை முன்னதாக எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "அவசரம்" என்று அமைச்சர் கருதினால், 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டி 48 மணித்தியாலத்துக்குப் பிறகே உடைமையை எடுக்கக் கட்டளையிடலாம். பதினைந்து வருடம் கையில் வைத்திருந்த காணிக்குத் திடீரென அவசரம் வருவதை எந்த நியாயத்தில் ஏற்பது?

நோட்டிஸ் எங்களுக்குத் தெரியாமலே ஒட்டினால்?

நடக்கும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு 2ஆம் பிரிவு அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் இருந்தது. அந்த உரிமையாளர்களோ சில மைல் தள்ளி நலன்புரி முகாம்களில், அரசின் பதிவேட்டில் பெயரோடு இருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் போனார்கள். யாழ்ப்பாணத்துக் கதையாக இருந்தாலும் எங்களுக்குப் பாடம் அதில் உண்டு. இடம்பெயர்ந்து இருப்பவர்கள், காணி இருக்கும் பிரிவின் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் தங்கள் இப்போதைய விலாசத்தை எழுத்தில் கொடுத்து வைத்தால் "காணவில்லை" என்ற சொல்லுக்கு இடமிருக்காது.

"பொதுத் தேவை" எண்டு எதையும் சொல்லலாமோ?

சொல்லலாம், ஆனால் நீதிமன்றம் எல்லாவற்றையும் ஏற்றதில்லை. கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென எடுத்த காணி ஒரு தனியார் கோல்ப் விடுதிக்குப் போனது. 2008இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. எங்கள் பக்கம் முகாம் வேலிக்குள் மரக்கறித் தோட்டமும் தேநீர்க் கடையும் நடக்கிற காணிகளுக்கு "தேசிய பாதுகாப்பு" என்று காரணம் சொல்லும்போது இந்தத் தீர்ப்பை நினைவுபடுத்துவதில் தவறில்லை.

நட்டஈடு எவ்வளவு கிடைக்கும்?

சட்டம் சொல்வது சந்தைப் பெறுமதி. 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வந்த நாளில், விற்க விரும்பும் ஒருவர் திறந்த சந்தையில் விற்றால் என்ன கிடைத்திருக்குமோ அது. விலை மதிப்பீட்டுத் திணைக்களம் அதைக் கணிக்கும். அதோடு, காணியின் ஒரு துண்டை எடுத்ததால் மிச்சத் துண்டுக்கு வந்த நட்டமும் கேட்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வன்னியில் முப்பது வருடம் காணிச் சந்தை என்று ஒன்று எங்கே இருந்தது? பாதை மூடிக் கிடந்தது, சனம் ஓடிக்கொண்டிருந்தது. விற்றவர்கள் பலர் பயணச் செலவுக்கோ மருந்துச் செலவுக்கோ கிடைத்த விலைக்குக் கொடுத்தவர்கள். அந்த உறுதிகளில் உள்ள தொகையை வைத்துப் பக்கத்துக் காணியை மதித்தால், போர் குறைத்த விலையையே அரசு எங்களுக்குத் தருகிறது. விலையைக் குறைத்த காரணத்தில் பங்குள்ள ஒருவர் அதே விலைக்கு வாங்குவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே கோரிக்கையில் "மூன்று ஏக்கர் மேட்டுக் காணி" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். கல்லுக் கட்டின கிணறு, ஆழம் எத்தனை முழம். காய்க்கிற தென்னை எத்தனை, பட்டது எத்தனை. பனை வடலி வேறாக, பெரும்பனை வேறாக. பலா, மா, தேக்கு. வேலிக் கதியால். வயலென்றால் எந்தக் குளத்து நீர், எந்த வாய்க்கால், காலபோகம் மட்டுமா சிறுபோகமும் உண்டா. இரணைமடுத் தண்ணீர் பாயும் ஏக்கரும் மானாவாரி ஏக்கரும் ஒன்றில்லை. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த ஒரு ஆச்சி, இடம்பெயர முதல் வளவில் நின்ற மரங்களை வரிசை வரிசையாக மனப்பாடமாகச் சொன்னா. படலையடியில் வேம்பு, மால் பக்கம் இரண்டு தேசி, கிணற்றடியில் கமுகு. நான் எழுத எழுத, விட்டுப்போன ஒரு முருங்கைக்காக இரண்டு தரம் திருத்த வைத்தா. அப்படித்தான் எழுத வேண்டும்.

தீர்ப்பளித்த தொகை போதாதென்றால் 21 நாளுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

பக்கத்து நாட்டையும் பாருங்கள். இந்தியா 2013இல் பழைய சட்டத்தை நீக்கிப் புதிதாக ஒன்று இயற்றியது. கிராமப்புறக் காணிக்குச் சந்தை விலையின் நான்கு மடங்கு வரை போகலாம், சமூகத் தாக்க மதிப்பீடும் செய்ய வேண்டும். அங்கும் குறைகள் உண்டு. எங்கள் கையில் இருப்பது இன்னும் 1950ஆம் ஆண்டுச் சட்டம்.

உறுதி சண்டையில போட்டுது. இனி என்ன?

உறுதி காணாமற்போனதால் உரித்து காணாமற்போவதில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், நொத்தாரிசு பெயர், எழுதிய ஆண்டு, இவற்றில் ஒன்றாவது நினைவிருந்தால் தேட வழியுண்டு. பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். அதன் எல்லை விபரத்தில் "வடக்கே இன்னாரின் காணி" என்று உங்கள் தகப்பனார் பெயர் இருக்கக்கூடும். பழைய வாக்காளர் இடாப்பு, வரிப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள விலாசம், வங்கிக்கு ஈடு வைத்த பத்திரம், கலியாண அல்பத்தில் வீடு தெரியும் படம், எல்லாவற்றையும் சேருங்கள்.

நீங்கள் இல்லாத காலத்தில் வேறொருவர் குடியேறி "பத்து வருடம் ஆண்டுவிட்டேன்" என்று உரிமை கொண்டாடினால், அது தனிப்பட்ட பிணக்கு, அரசோடு கலக்காதீர்கள். போரால் வழக்காட முடியாமற் போனவர்களுக்கு அந்தக் காலத்தைக் கழித்துக் கணிக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதற்கும் தவணை வைத்திருந்தார்கள், பலருக்கு அது போன பிறகுதான் தெரிய வந்தது.

எங்கட பெர்மிற் காணி. எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமோ?

அப்படியே பொருந்தாது. வட்டக்கச்சி, முத்தையன்கட்டு, விசுவமடு போன்ற குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகளில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. நிலத்தின் உரித்து அரசிடம்தான். ஆனாலும் நினைத்தவுடன் பறிக்க முடியாது. நிபந்தனை மீறல் என்றால் அறிவித்தல் தந்து, விசாரித்து, மேன்முறையீட்டுக்கு இடம் கொடுத்த பிறகே அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்யலாம். "காணியில் குடியிருக்கவில்லை" என்று காரணம் வந்தால், குடியிருக்க விடாதது யார் என்பதைத் திகதியோடு எழுதுங்கள்.

பெர்மிற்காரர் இறந்திருந்தால் பின்னுரித்தாளர் பெயரை உடனே பதியுங்கள். தாத்தா பெயரிலேயே மூன்று தலைமுறையாகக் கிடக்கும் பெர்மிற்றுகளை நிறையக் கண்டிருக்கிறேன். கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிப் பக்கம் நடந்ததை மறக்க வேண்டாம். 1984இல் அந்த ஊர்களிலிருந்து விரட்டப்பட்ட சனம் போருக்குப் பிறகு திரும்பி வந்தபோது, தாங்கள் விதைத்த வயல்கள் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் "எல்" வலயத்துக்குள் போயிருந்தன, வேறு ஆட்கள் விதைத்துக்கொண்டிருந்தார்கள்.

காணி காடு பத்திப் போச்சு. வன இலாகா கல்லுப் போட்டிருக்குது.

வன்னியில் இப்போது அதிகம் வரும் கேள்வி இது. இருபது வருடம் ஆள் போகாத வயலில் காடு வளராமல் வேறென்ன வளரும்? 1840ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லா நிலமும் மறுதலையாக நிரூபிக்கும்வரை முடிக்குரியவை என்று அனுமானிக்கச் சொல்கிறது. கோப்பித் தோட்டத்துக்கு நிலம் தேடிய காலத்துச் சட்டம் இன்றும் எங்கள் வேலிக்கு வெளியே நிற்கிறது.

ஒதுக்கக் காடாக அறிவிக்கக்கூடியது அரச காணியைத்தான். உறுதிக் காணிக்குள் கல்லுப் போட்டிருந்தால் அதுவே உங்கள் ஆட்சேபம். காட்டுக்குள் இன்னும் நிற்கும் ஊர் அடையாளங்களைக் காட்டுங்கள்: வரம்பு, பழைய அத்திவாரம், கிணறு, நாமாக நட்ட மரம். காட்டில் வேம்பும் புளியும் தானாக நிற்கும். வரிசையில் நிற்கும் தென்னைக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

2025 மார்ச் 28இல் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானியும் இதே பாதைதான். வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர், அதில் முல்லைத்தீவு 1,703, கிளிநொச்சி 515. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். உறுதி தொலைந்தவர், வெளிநாட்டில் இருப்பவர், தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர், இவர்கள் எல்லாரும் மூன்று மாதத்தில் நிரூபிக்க வேண்டுமாம். எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் மீளப் பெற்றது. அடுத்த முறை வருமுன் கடுதாசிகளைச் சேர்த்து வைக்கவேண்டியது எங்கள் வேலை.

வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்திருக்குது, 30 நாளாம்.

அது 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தல். தவணை முடிந்தால் நீதவான் நீதிமன்றம் போகும். அங்கே செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்து அதிகாரமோ இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் காணி தனியார் காணி என்றால் அந்தத் தவணைக்குள்ளேயே சட்டத்தரணியிடம் ஓடுங்கள்.

மாற்றுக் காணி தாறம், கையெழுத்துப் போடுங்கோ எண்டு சொல்லுகினம்.

குடியிருக்க இடமில்லாதவர் வாங்குவதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். தறப்பாளுக்குக் கீழே குமர்ப் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பவருக்குக் கொள்கை பேச எனக்கு வாய் வராது. ஆனால் என்ன கடுதாசியில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று வாசியுங்கள், சிங்களத்தில் இருந்தால் வாசிப்பித்துக் கேளுங்கள். "என் முன்னைய காணியின் உரித்தை விட்டுக்கொடுக்காமல் தற்காலிகமாக ஏற்கிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதிப் பிரதி எடுத்து வையுங்கள். தனியார் காணி உறுதியில்லாமல் வெறும் சம்மதக் கடிதத்தால் கைமாறாது. என்றாலும் பின்னொரு நாள் அந்தக் கடிதம் உங்களுக்கு எதிராக மேசையில் வைக்கப்படும்.

முறைப்படி எடுத்த காணியைப் பிறகு திருப்பிக் கேட்கலாமோ?

கேட்கலாம். உடைமையை எடுக்காதிருந்தால் 39ஆம் பிரிவின் கீழ் கட்டளையை மீளப் பெறலாம். எடுத்துவிட்டிருந்தாலும் 1979ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்த்த 39அ பிரிவு இருக்கிறது. நட்டஈடு எவருக்கும் கொடுபடவில்லை, பொதுத் தேவைக்குப் பயன்படவில்லை, அபிவிருத்தி ஒன்றும் செய்யவில்லை, உரிமையாளர் திரும்பப் பெற எழுத்தில் சம்மதிக்கிறார் என்றால் அமைச்சர் காணியைத் திருப்பிக் கொடுக்கலாம். "கொடுக்கலாம்" என்பதை விருப்பமிருந்தால் என்று வாசிக்க முடியாது என்பதை 1993இல் டி சில்வா எதிர் அத்துக்கோறள வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ விளக்கினார். மக்களுக்காக நம்பி ஒப்படைத்த அதிகாரம் அது, கடமையோடு சேர்ந்தது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

றோட்டில இருந்து போராடிக் கண்டது என்ன?

கேப்பாப்பிலவின் ஒரு பகுதியான பிலக்குடியிருப்பில் 2017 ஜனவரி 31இல் பெண்களும் பிள்ளைகளும் விமானப்படை முகாம் வாசலில் குந்தினார்கள். பனி, வெயில், இரவில் விளக்கில்லை. மார்ச் 1இல் படலை திறந்தது. அதே நாளில் கேப்பாப்பிலவு மற்றச் சனம் தங்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள், அந்த வருடக் கடைசியில் இன்னும் 133 ஏக்கர் விடுபட்டது, முழுவதும் விடுபடவில்லை. இரணைதீவுச் சனம் 2018 ஏப்ரல் 23இல் வள்ளங்களில் ஏறித் தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள், 1992இல் விட்டுவந்த தீவு. வட்டுவாகலில் கடற்படைத் தளத்துக்காக 600 ஏக்கருக்கு மேல் அளக்க வந்த சேவையர்களைச் சனம் வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. கடுதாசியும் வேண்டும், றோட்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை விடாதீர்கள்.

எங்க போய் முறையிடுறது?

என்ன கட்டளையின் கீழ் என் காணி வைக்கப்பட்டிருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். "அப்படி ஒரு கட்டளையும் எம்மிடம் இல்லை" என்ற ஒருவரிப் பதில் வந்தால் பொன்னைப் போலப் பாதுகாத்து வையுங்கள். அடிப்படை உரிமை மனு ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

பிள்ளையள் கனடாவில. அவை கேட்கலாமோ?

கேட்கலாம். அங்கிருந்து அற்றோணித் தத்துவம் (தங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி, உரியபடி உறுதிப்படுத்தி, இங்குள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பினால் போதும். எந்தக் காணிக்கு, எந்த வேலைக்கு என்று அதில் குறிப்பிடுங்கள், விற்கிற அதிகாரத்தைத் தேவையில்லாமல் கொடுக்காதீர்கள்.

காணி விட்டவுடன முதல் என்ன செய்ய?

கத்தியைத் தூக்க முதல் போனைத் தூக்குங்கள். துப்புரவாக்க முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கண்ணிவெடி அகற்றிய சான்று உண்டா என்று கேட்காமல் பற்றைக்குள் கால் வைக்க வேண்டாம். பிறகு சேவையரைக் கூப்பிட்டு எல்லையைப் பிடியுங்கள்.

எங்கள் காணி விடுபட்டபோது வீடு இல்லை, வேலி இல்லை, மண் அணை ஒன்று வளவைக் குறுக்காக வெட்டிக் கிடந்தது. எங்கே நிற்கிறோம் என்றே அண்ணாவுக்கும் எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒரு பள்ளத்துக்குள் தகரமும் மண்மூட்டையும் அள்ளி எறிந்துகொண்டிருந்தபோது மண்வெட்டி சீமெந்தில் தட்டியது. கிணற்றுக் கட்டு. அண்ணா சாரத் தலைப்பால் துடைத்தார். சீமெந்து காய முன் அப்பா ஆணியால் கீறிய 1974ம், பக்கத்தில் அவருடைய முதலெழுத்தும் அப்படியே இருந்தன. பழைய வரைபடத்தில் கிணறு குறித்திருந்தது. சேவையர் சங்கிலியை அந்தக் கட்டிலிருந்துதான் இழுக்கத் தொடங்கினார்.